அம்மா தட்டிவைத்த சில்லு

என் வலது முட்டியின் சில்லு இடம் மாறும்போதெல்லாம் அதைத் தட்டி உள்ளே உட்கார வைத்தது என் அம்மாதான். அதனால் அந்த முட்டி தன்னுடையது என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அறுவை சிகிச்சை செய்துகொள்ளப் போகிறேன் என்று நான் சொன்னபோது வலிக்குமா, சரியாகுமா என்றெல்லாம் அவள் கேட்கவில்லை.

"யாரைக் கேட்டு முடிவு பண்ண?"

"முட்டி என்னுது."

"பெத்தது நானு."

அன்றைக்குக் கோபத்தைச் செலவு செய்யும் நிலையில் நான் இல்லை.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரியின் உள்கரையில் இருக்கிறது. படகும் வலையும் வைத்திருப்பவர்கள் வேறு ஆட்கள். நாங்கள் கையால் பிடிக்கிறவர்கள். இடுப்பளவு தண்ணீரில் முட்டியை மடக்கிக் கழுத்துவரை அமிழ்ந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே நகர வேண்டும். அகப்படும் இறாலைப் போடுவதற்கு ஓலையில் பின்னிய பறி உண்டு. கைகள் இரண்டும் வேலையில் இருப்பதால் பறியின் வாயைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் பெண்கள் தோளோடு தோள் ஒட்டி ஒரே வரிசையாகப் போவார்கள். நடுவில் ஒரு ஆள் குறைந்தால் அந்த இடைவெளியில் இறால் பின்னால் தப்பிவிடும். ஆகவே யாருக்கு எந்த இடம் என்பது முன்கூட்டியே பேசி முடிவானது. தாயும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். மகள் வராத தாய் வரிசையின் ஓரத்துக்குப் போய்விட வேண்டும். ஓரத்தில் நிற்பவளுக்கு இறால் குறைவு, கேட்க வேண்டிய பேச்சு அதிகம்.

எட்டாம் வகுப்பு விடுமுறையில் அந்த வரிசையில்தான் என் சில்லு முதன்முதலாக விலகியது. பாதம் சேற்றில் புதைந்துகொண்டது. உடம்பு மட்டும் திரும்பியது. சில்லு முட்டியின் வெளிப்பக்கம் போய் நின்றது. அம்மா பறியைத் துப்பிவிட்டு என் குதிகாலைப் பிடித்து இழுத்தாள். கால் நேரானதும் உள்ளங்கையால் ஒரு தட்டு. உள்ளே போய் விழுந்தது.

"ஒண்ணுமில்ல. வரிசைய வுடாத, வா."

போனேன். அதற்குப் பிறகு அது பல முறை நடந்தது. தண்ணீரில், பேருந்துப் படியில், ஒருமுறை தூக்கத்தில் புரண்டு படுத்தபோது. ஒவ்வொரு முறையும் அம்மா தட்டினாள். ஒவ்வொரு முறையும் முட்டி வீங்கி, வடிந்து, முன்னைவிடத் தளர்ந்தது. இயந்திரங்களைப் பற்றிப் படித்த பிறகுதான் இதற்கு ஒரு பெயர் வைக்க முடிந்தது. தேய்மானம்.

பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தேன். வெல்டிங் சோதனைக்குத் தனியாகச் சான்றிதழ் வாங்கினேன். துறைமுகத்துப் பக்கம் மிதவைகளும் இழுவைப் படகுகளும் பழுது பார்க்கும் ஒரு ஒப்பந்தக்காரரிடம் வேலை கிடைத்தது. அவற்றின் இரும்பு டேங்குக்குள் செங்குத்தான ஏணியில் இறங்கி, வெல்டு போட்ட இணைப்புகளை டார்ச் அடித்தும் கருவி வைத்தும் பார்க்க வேண்டும். விரிசல், காற்று அடைபட்டு உண்டான காற்றுப்புரை, உருகி ஓரம் தின்ற இடம் எதுவானாலும் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. இரும்பு யாரையும் சொந்தம் கொண்டாடாது.

ஊரில் யாருக்கும் பிடிக்கவில்லை. துறைமுகம் வந்த பிறகு முகத்துவாரம் அடைத்துக்கொள்கிறது, இறால் வரத்துக் குறைந்துவிட்டது என்பது எல்லோருடைய பேச்சும். பேச்சில் உண்மை இருந்தது. "தண்ணிய மறிச்சவன்கிட்ட சம்பளம் வாங்குது பாரு" என்று வரிசைப் பெண்கள் அம்மா காதில் விழும்படி சொல்வார்கள். அம்மா அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து என் காதில் போடுவாள்.

போன வருடத்துக்கு முந்திய மழைக்காலத்தில் டேங்க் ஏணியின் பாதியில் சில்லு விலகியது. இரண்டு கைகளாலும் தொங்கினேன். கீழே இருந்த வெல்டர்கள் தோள் கொடுத்து இறக்கினார்கள். தரையில் உட்கார்ந்து நானே காலை இழுத்து நீட்டி, நானே தட்டிக்கொண்டேன். மேற்பார்வையாளர் மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏணி ஏறத் தெரியாத ஆள வெச்சிகினு நான் இன்னாமா பண்றது? மேல ஆபீஸ்ல உக்காந்து பைல் அடுக்கு."

"வேணாம் சார். நான் வெல்டு பாக்கத்தான் வந்தேன்."

"அப்ப கால சரி பண்ணிகினு வா. என் எதிர்ல ஏறி எறங்கிக் காட்டு. அதுவரிக்கும் வேற ஆள் பாப்பான். காட்ட முடியலன்னா அவனே பாத்துக்குவான்."

இதுதான் என் முன்னால் இருந்தது. ஏணியில் ஏறினால் வேலை உண்டு. ஏறாவிட்டால் ஏரி.

சென்னையில் ஒரு மருத்துவமனைக்கு அம்மாவும் கூட வந்தாள். ஸ்கேன் எடுத்தார்கள். அறுவை நிபுணர் படத்தைத் திரையில் போட்டுக் காரணங்களைச் சொன்னார். தொடை எலும்பின் நுனியில் சில்லு ஓடுவதற்கென்று இருக்கும் பள்ளம் எனக்கு ஆழம் போதாது. சில்லைக் கீழே இழுத்துப் பிடிக்கிற தசைநாண் முட்டிக்குக் கீழே எலும்பில் ஒட்டியிருக்கும் மேடு வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது. உள்பக்கத்திலிருந்து சில்லைப் பிடித்து நிறுத்த வேண்டிய நார் எப்போதோ அறுந்துவிட்டது. மேட்டை எலும்போடு அறுத்து உள்பக்கமாக நகர்த்தி ஸ்க்ரூ போடுவார். தொடையின் பின்னாலிருந்து ஒரு தசைநாணை எடுத்து அறுந்த நாருக்குப் பதிலாகக் கட்டுவார். பள்ளத்தைத் தொடப் போவதில்லை.

எனக்கு உடனே புரிந்தது. கப்பி ஒரு பக்கம் இருக்கிறது, கயிறு கட்டிய முளை வேறு பக்கம் இருக்கிறது. முளையை நகர்த்த வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது, எவ்வளவு வரைக்கும் ஏற்கலாம், நகர்த்திய பிறகு எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று கேட்டேன்.

"நீங்க டாக்டரா?"

"வெல்டு பாக்கறேன் சார்."

"அப்ப வெல்ட பாருங்க. இத நான் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டு, மூன்று கேள்விகளுக்கும் பதில் சொன்னார். பதிலில் தவறு இல்லை. அவர் என்னிடம் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அளவு சரியாக இருந்தால் போதும்.

பிறகு வேறொரு படத்தைக் காட்டி, "சில்லுக்குப் பின்பக்கம் குருத்தெலும்பு பேந்திருக்கு. விலகினப்பல்லாம் யார் உள்ள தள்ளுனது?" என்றார்.

"நான்தான்" என்றாள் அம்மா. "தட்டுனா உக்காந்துக்கும்."

"தட்டித் தட்டித்தான்மா இப்படி ஆகியிருக்கு."

அம்மா திரையைப் பார்த்தாள். கறுப்பும் சாம்பலுமான அந்தப் படத்தில் அவளுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. வெகுநேரம் பார்த்தாள். வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் ஆரம்பித்தாள்.

"அந்தாளு ஏரில நின்னு பாத்துருக்கானா? சில்லு வெளிய கீது, கரை எங்கியோ கீது, பொண்ணு கத்துது. தட்டாம இன்னா பண்ணுவானாம்? ஆம்புலன்ஸ் தண்ணில வருமா?"

"தள்ளணும்மா. தட்டக் கூடாது."

"இத்தினி வருசம் தட்டுனப்ப இனிச்சிதா? டாக்டர் சொன்னதும் கசக்குதா?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் தவறு அவளுடையது என்று படித்த ஒருவர் வாயால் வந்தது எனக்குத் திருப்தியாக இருந்தது. பேருந்தில் ஆளுக்கொரு இருக்கையில் உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தோம்.

அறுவை அன்று முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்தார்கள். நினைவு இருந்தது. முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி. அதற்கு அந்தப் பக்கம் ரம்பம் ஓடும் சத்தம், பிறகு துளை போடும் சத்தம். துளை போடும்போது வேகம் கூடிக் குறைந்தது. எலும்பின் வெளி ஓட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டது என்று கணக்குப் போட்டேன். ஸ்க்ரூவின் நீளத்தை யாரோ சத்தமாகச் சொன்னார்கள்.

"டைட்டானியமா சார்?" என்று கேட்டேன்.

"இவங்களுக்கு இன்னும் கொஞ்சம் மயக்கம் குடுங்க" என்றார் நிபுணர். கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது தொடையிலிருந்து கெண்டைக்கால்வரை பட்டைகள் வைத்த கவசம். முட்டி மடங்காதபடி பூட்டியிருந்தது. எங்கள் வீட்டில் முட்டியை மடக்காமல் செய்யக்கூடியவை என்னென்ன என்று படுத்தபடி யோசித்தேன். கழிவறைக்கு மடக்க வேண்டும். குளிக்கிற கல்லில் மடக்க வேண்டும். அடுப்பு தரையில், சாப்பாடு தரையில், படுக்கை தரையில். நிற்பதும் கிடப்பதும் மட்டுமே மிச்சம். நைனா பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றின் நடுவில் வட்டமாக அறுத்துக் கழிவறையில் கொண்டுபோய்ப் போட்டார். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறவர், வீட்டுச் சண்டை தொடங்கினால் வலை காயப்போட வேண்டும் என்று எழுந்து போய்விடுவார்.

"சிம்மாசனம் வந்துட்ச்சி" என்றாள் அம்மா. "ராணி கூப்ட்டா தண்ணி எட்த்துகினு நான் போவணும்."

எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டேதான் வந்தாள். என்னைப் பிடித்து எழுப்பும்போது அவள் விரல்கள் அக்குளில் அழுந்தும். நான் பல்லைக் கடித்துக்கொள்வேன், நன்றி சொல்ல மாட்டேன்.

வரிசைப் பெண்கள் பார்க்க வந்தார்கள். சுற்றி உட்கார்ந்து கவசத்தைத் தட்டிப் பார்த்தார்கள்.

"உள்ள இரும்பு கீதாமே?"

"ஸ்க்ரூ."

"உப்புத் தண்ணில துருப்புடிக்காது?"

"பிடிக்காது. அது வேற உலோகம்."

"அப்ப ஏரிக்கு ஆவும்" என்றாள் அம்மா. மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

கவசத்தின் பூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்கள். பொன்னேரியில் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருவரிடம் அம்மாவோடு போனேன். என் வயதுதான் இருக்கும். என் தொடையில் எலும்பும் தோலும்தான் மிச்சம், முட்டியின் இரு பக்கமும் தழும்பு. தொடைத் தசை பழையபடி வராமல் ஏணிப் பக்கம் போகக் கூடாது என்றார். சுவரில் சாய்ந்து இறங்குவது, காலை நேராகத் தூக்குவது, படி ஏறுவது என்று வரிசையாகச் சொல்லிக் கொடுத்தார். கடைசியாக, "இடுப்பளவு தண்ணில நடந்தா நல்லது. உடம்பு எடை முட்டில இறங்காது. நீச்சல்குளம் ஏதாவது கிட்ட இருக்கா?" என்றார்.

அம்மா அதுவரை சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பினாள்.

"ஏரியே கீதுமா. எங்க வாசல்லியே."

"அப்ப என்ன, ரொம்ப நல்லது" என்றார் அந்தப் பெண். அவர் ஏரியைப் பாலத்திலிருந்து மட்டும் பார்த்திருப்பார். அதன் அடியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை.

எனக்குத் தெரியும். சேறு. நான் அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தண்ணீரில் நடந்தால் தசை சீக்கிரம் தேறும் என்பது என் காதிலும் விழுந்திருந்தது. எனக்கு அந்த ஏணி வேண்டும். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நிபந்தனைகளைச் சொன்னேன். முகத்துவாரத்துப் பக்கம் அடி மணலாக இருக்கும் இடத்தில் மட்டும். நேராக நடப்பேன், திரும்ப மாட்டேன். மடக்கி உட்கார மாட்டேன். இறால் பிடிக்க மாட்டேன். அவள் மட்டும் வரலாம்.

"செரி, செரி" என்றாள். அவள் அவ்வளவு சுலபமாகச் சரி சொல்லி நான் கேட்டதே இல்லை. அதையாவது கவனித்திருக்க வேண்டும்.

போனோம். தண்ணீர் தெளிந்து, மணல் காலுக்குக் கெட்டியாக இருந்தது. இடுப்பு வரை இறங்கி நடந்தேன். பல மாதங்களுக்குப் பிறகு கால் கனக்கவில்லை. போய்த் திரும்பும்போது கரையில் பேச்சுச் சத்தம். வரிசைப் பெண்கள் அத்தனை பேரும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா தன் இடுப்பிலிருந்து இரண்டாவது பறியை எடுத்து அதன் கயிற்றை என் கழுத்தில் மாட்டினாள்.

"இன்னாமா இது?"

"டாக்டரம்மாவே தண்ணில நடக்கச் சொல்லிட்ச்சி. சும்மா நடக்கறத கையத் தொழாவிகினே நட."

"நான் சொன்னது இன்னா?"

"நீ சொல்றத சொல்லிகினே இரு. எல்லாரும் கீறாங்கோ. என் பக்கத்துல வந்து நில்லு. நடுவுல எடம் குட்த்துட்டாங்கோ."

அப்போதுதான் புரிந்தது. மகள் திரும்பி வருகிறாள், மருத்துவரே அனுப்பிவிட்டார் என்று சொல்லி அவள் தன் பழைய இடத்தைக் கேட்டு வாங்கியிருந்தாள். ஓரத்தில் நின்ற அத்தனை வருடங்களுக்கும் சேர்த்து அவர்கள் முன்னால் என்னை நிறுத்திக் காட்டப் போகிறாள்.

பறியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். வாங்கவில்லை. தண்ணீரில் விட்டேன். மிதந்து போனது.

"பாத்தியாடி உன் பொண்ண" என்றது ஒரு குரல். "ஆபீசரு தண்ணில எறங்கினா மீனு தானா வந்து வுழுமாம்."

"படிச்ச முட்டி, மடங்காது" என்றது இன்னொரு குரல்.

"பறிய எட்றீ" என்றாள் அம்மா. தணிந்த குரல். அந்தக் குரலுக்குத்தான் சிறு வயதில் பயப்படுவேன்.

"உனக்கு எடம் வேணும்னா நீ நில்லு. என் கால வெச்சி வாங்காத."

கரைக்குப் போக நேர்வழியில் அவர்கள் நின்றார்கள். நான் சுற்றிக்கொண்டு போனேன். கோபத்தில் அடியைப் பார்க்கவில்லை. மணல் முடிந்தது. வலது பாதம் கணுக்கால்வரை, அதையும் தாண்டிச் சேற்றுக்குள் போனது. உருவ முயன்றபோது உடம்பு திரும்பிவிட்டது. அதே திருப்பம். முட்டி உள்பக்கம் மடிந்து நான் பக்கவாட்டில் விழுந்தேன். வாயெல்லாம் உப்பு.

அம்மா எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தாள் என்று தெரியாது. குதிகாலைப் பிடித்துச் சேற்றிலிருந்து உருவினாள். காலை நீட்டினாள். உள்ளங்கை மேலே போனது.

"தொடாத" என்றேன். "தட்டுன, கைய ஒடிச்சிடுவேன்."

கை நின்றது. தட்டுவதற்குப் பதிலாகக் கட்டைவிரலால் முட்டியைத் தடவினாள். வெளிப்பக்கம் தேடினாள். பிறகு மேலே, பிறகு மறுபடியும் வெளிப்பக்கம். சில்லு அதன் இடத்தில் இருந்தது. வலி எலும்புவரை இருந்தது, ஆனால் சில்லு நகரவில்லை.

"இங்கியே கீது" என்றாள். தொலைத்ததைக் கண்டுபிடித்தவள் குரல் அல்ல அது. செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போனவளின் குரல். கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "போவல."

வரிசைப் பெண்கள் அதற்குள் நகரத் தொடங்கியிருந்தார்கள். தண்ணீர் வடிவதற்குள் அவர்களுக்கு வேலை இருந்தது.

அன்று மாலை முட்டி வீங்கிக் கிடந்தபோது அம்மா அடுப்படியிலிருந்தே பேசினாள்.

"அவ்ளோ பெரிய சேறு. அதுலியே போவலன்னா கெட்டியாத்தான் கட்டி வுட்ருக்கான். ரெண்டு மாசம் போவட்டும். வரியா?"

"வரமாட்டேன்."

"அப்ப அந்த எடத்துல உன் அத்த மவள நிக்க வெச்சிடுவேன். வெச்சிட்டா திரும்பக் கெடைக்காது."

"வை."

"நல்லா யோசன பண்ணிச் சொல்லு."

"யோசிச்சிட்டேன்."

மறுநாள் நைனா என்னைப் பேருந்தேற்றிவிட்டார். சென்னையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ஸ்க்ரூ அசையவில்லை, எலும்பு கூடிவருகிறது என்றார் நிபுணர். ஏரியில் விழுந்ததைச் சொன்னேன். முதன்முறையாகப் படத்தை விட்டு என்னைப் பார்த்தார். "முட்டாள்தனம்" என்றார். திரும்பியதும் பொன்னேரியில் மாடிப்படி வைத்த ஒரு வீட்டில் அறை பார்த்துக்கொண்டு போனேன். அந்தப் படியில் காலையிலும் மாலையிலும் ஏறி இறங்கினேன். தொடை திரும்ப வந்தது. அம்மா ஒருமுறை வந்து, அறையைச் சுற்றிப் பார்த்து, காற்று வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த மழை தொடங்குவதற்கு முன்னால் பட்டறைக்குப் போனேன். மேற்பார்வையாளர் என் காலைத்தான் முதலில் பார்த்தார். ஒரு மிதவையின் டேங்க் திறந்திருந்தது. கையால் காட்டினார்.

இறங்குவதுதான் கடினம். ஏறும்போது தொடை தூக்கும். இறங்கும்போது மடங்கிய முட்டியில் மொத்த உடம்பும் தொங்கும், சில்லு அப்போதுதான் நழுவப் பார்க்கும். இடது கால், வலது கால். ஒவ்வொரு படியிலும் முட்டி பாதத்துக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இறங்கினேன். உள்ளே பெயின்ட் நாற்றம். அடியில் கால் வைத்து மேலே பார்த்தபோது திறப்பின் வட்டத்தில் அவர் தலை தெரிந்தது.

"வலிக்குதா?"

"வலிக்குது சார்."

"அப்பறம்?"

"வலிக்கறது வேற, வெலகறது வேற."

"ஏறி வா."

ஏறினேன். மறுபடி இறங்கச் சொன்னார். இறங்கினேன். அவர் எதற்காகக் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். அது நடக்கவில்லை. மேலிருந்து கயிற்றில் கட்டி டார்ச்சை இறக்கினார்.

"எறங்குனது எறங்கிட்ட. அந்த மூலைல வெல்டு போட்ட இணைப்பு இருக்குது பாரு. நீ இல்லாதப்ப வந்த ஆள் பாத்து ஓக்கே குட்த்தது. நீயும் பாத்துட்டு வா."

வலது காலை முன்னால் நீட்டி இடது காலில் உட்கார்ந்தேன். அப்படித்தான் இனி உட்கார முடியும். இணைப்பின் ஓரமாக வெளிச்சத்தைச் சாய்த்து மெதுவாக நகர்த்தினேன். மூலைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு விரிசல், தலைமுடி போல. அதற்கு மேலே காற்றுப்புரைகள், கொத்தாக. இரண்டுக்கும் வட்டம் போட்டேன்.

"இன்னா?" என்றார் மேலிருந்து.

"வெட்டி எட்த்துட்டு மறுபடி போடணும் சார்."

அவர் ஓக்கே கொடுத்த ஆளைப் பெயர் சொல்லிக் கத்துவது கேட்டது. நான் அடுத்த இணைப்புக்கு நகர்ந்தேன்.